முகப்பில் தொடங்கிய அழைப்பு இரண்டாங்கட்டில் ஏன் அறுகிறது?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி இருக்கிறார். மகள் சிங்கப்பூரில். இரவு எட்டு மணி ஆனால் இணையவழி அழைப்பு வந்துவிடும். முகப்பில் உட்கார்ந்து பேச ஆரம்பிப்பார். பேச்சு போய்க்கொண்டிருக்கும்போதே எழுந்து, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவைக் கடந்து, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டுக்குப் போய் அடுப்பில் இருக்கிற பாலை இறக்கி வைப்பார். சரியாக அந்த இடத்தில்தான் வம்பு.

"தம்பி, இரண்டாங்கட்டுக்குப் போனா அவ பேசுறது நின்னுபோகுது. நான் பேசுறது மட்டும் அவளுக்கு நல்லாக் கேக்குதாம். அப்புறம் கொஞ்ச நேரத்துல மொத்தமா கட்டாயிடுது. போனை மாத்தணுமா?"

போனை மாற்ற வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். பிழைப்புக்கு நான் மென்பொருள் எழுதுகிறவன். சில வருடம் இப்படிப்பட்ட அழைப்புச் செயலி ஒன்றிலும் வேலை பார்த்திருக்கிறேன். 'ஒரு பக்கம் கேட்கிறது, மறு பக்கம் கேட்கவில்லை' என்று ஆச்சி சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. சிக்னல் இல்லாமல் போனால் இரண்டு பக்கமும் சேர்ந்துதான் ஊமையாகும். ஒரு பக்கம் மட்டும் அடைத்துக்கொண்டால், பெரும்பாலும் யாரோ ஒருவர் பழைய முகவரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அவற்றின் நீளம் தெரியும். தலைவாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். நடுவில் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். முகப்பில் வைத்த ரூட்டரின் வைஃபை வளவு வரைக்கும் தள்ளாடி வரும், இரண்டாங்கட்டில் மூச்சு விட்டுவிடும். போன் உடனே மொபைல் டேட்டாவுக்குத் தாவும். பின்கட்டில் 4ஜி நன்றாகவே கிடைக்கிறது. இணையம் இருக்கிறது, ஆனாலும் அழைப்பு சாகிறது. ஏனென்றால் போனும் அந்த வீடு மாதிரி இரண்டு வாசல் வைத்தது. வைஃபை ஒரு தெரு, மொபைல் டேட்டா இன்னொரு தெரு. இணையத்தில் ஒரு கருவியைத் தேடிப் பிடிக்க உதவும் எண்ணான ஐபி முகவரி இரண்டுக்கும் வேறு வேறு. ஆச்சி பாலை இறக்கப் போனபோது அவருக்கே தெரியாமல் அழைப்பின் கதவிலக்கம் மாறிவிட்டது. மகளின் போனுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

ஓர் அழைப்பில் இந்த முகவரி எங்கெல்லாம் எழுதி வைக்கப்படுகிறது என்று பார்த்தால்தான் சிக்கலின் ஆழம் தெரியும். இணைய அழைப்புகளில் பெரும்பங்கு, அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் விதி வகுக்கும் சிப் என்கிற நெறிமுறையிலோ அதைப் போன்ற ஒன்றிலோ நடக்கிறது. இணையத்தின் விதிகளை எழுதி வைக்கும் ஆவண வரிசைக்கு ஆர்எஃப்சி என்று பெயர். 2002இல் வந்த ஆர்எஃப்சி 3261தான் இன்றுவரை சிப்பின் அடிப்படை ஆவணம். அதில் அழைப்பு இரண்டு தடங்களாக ஓடும். 'கூப்பிடுகிறேன், எடு, வைத்துவிட்டேன்' என்கிற சைகைப் பேச்சு ஒரு தடம். குரல் போகிற தடம் தனி. போன் முதலில் சர்வரிடம் 'நான் இந்த முகவரியில் இருக்கிறேன்' என்று பதிவு செய்யும். அது முதல் இடம். அழைப்பு தொடங்கும்போது 'இனி எனக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்' என்று தொடர்பு முகவரி ஒன்றை எதிராளியிடம் கொடுக்கும், அது இரண்டாவது. அனுப்புகிற ஒவ்வொரு கோரிக்கையிலும் 'பதிலை இந்த வழியே அனுப்பு' என்று ஒரு வரி இருக்கும். கடைசியாக, குரலைத் துண்டு துண்டாகக் கட்டி அனுப்பும் பாக்கெட்டுகளை எந்த முகவரியின் எந்தப் போர்ட்டில், அதாவது அந்த முகவரிக்குள் எந்த எண்ணுள்ள ஜன்னலில், எதிர்பார்க்கிறேன் என்று ஒரு சிறு விவரத்தாள். ஆக நான்கு இடம். வாசல் மாறினால் நான்கும் ஒரே நொடியில் பொய்யாகிவிடுகின்றன.

இங்கே செட்டிநாட்டுச் சொல் ஒன்று எனக்கு உதவுகிறது. மற்ற ஊர்களில் விலாசம் என்றாலும் முகவரி என்றாலும் ஒன்றுதான். செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் மத்தியில் விலாசம் என்பதற்கு வேறு பொருளும் உண்டு. ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்தவர்கள், முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளை அடுக்கி ஓர் அடையாளம் வைத்துக்கொண்டார்கள். அதுதான் அவர்களுடைய விலாசம். கடை ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவுக்குப் போகலாம், மோல்மீன் ஊரிலிருந்து ரங்கூனுக்கே போகலாம். உண்டியல் என்கிற பணமாற்றுச் சீட்டில் விலாசம் அதேதான். ஆளை அடையாளம் காட்டுவது விலாசம், ஆள் இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று காட்டுவது முகவரி. இணையத்தின் ஆரம்பக்கட்ட வடிவமைப்பு இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. ஐபி முகவரியே ஆளின் அடையாளமாகவும் இருக்கிறது, இருப்பிடமாகவும் இருக்கிறது. கம்ப்யூட்டர்கள் ஓர் அறையை நிறைத்துக்கொண்டு நகராமல் நின்ற காலத்தில் இது யாருக்கும் உறுத்தவில்லை. ஆச்சி போனைக் கையில் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போகும் காலத்தில் உறுத்துகிறது.

முகவரியும் நேரடியானதில்லை. நான்கைந்து புள்ளிகள் சேர்ந்து வாழ்ந்த வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் ஒரு புள்ளி, தனி அடுப்பு, வளவைச் சுற்றித் தனி அறை. தபால்காரருக்கோ ஒரே கதவிலக்கம்தான் தெரியும். உள்ளே எந்த அறைக்கு எந்தக் கடிதம் என்று பிரித்துக் கொடுக்க ஒருவர் வேண்டும். வீட்டு ரூட்டர் செய்வது இதே வேலை. உள்ளே 192.168 என்று தொடங்கும் முகவரிகள், வெளியே எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. மொபைல் டேட்டாவில் இந்தப் பிரித்துக்கொடுக்கும் வேலையைக் கம்பெனியே பெரிய அளவில் செய்கிறது. அதற்கென்று 2012இல் 100.64இல் தொடங்கும் ஒரு முகவரித் தொகுதியையே ஒதுக்கினார்கள். எனவே போனுக்குத் தன் உள்முகவரி தெரியும். வெளியே தான் எப்படித் தெரிகிறோம் என்று அதற்குத் தெரியாது. வெளியில் இருக்கும் சர்வர் ஒன்றைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டன் என்கிற நெறிமுறை அதற்காகவே இருக்கிறது. வாசல் மாறிய பிறகு முதலில் செய்ய வேண்டியவற்றில் இந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்பதும் ஒன்று.

இப்போது இரண்டாங்கட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். குரல் யூடிபி வழியே போகிறது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பிக்கொண்டே இருக்கும் முறை அது. பொதுவாக 20 மில்லி விநாடிப் பேச்சை ஒரு பாக்கெட்டில் கட்டுவார்கள், அதாவது விநாடிக்கு 50 பாக்கெட். போன் 4ஜிக்குத் தாவியதும், செயலி எந்த வாசல் என்று கட்டிப்போடாமல் விட்டிருந்தால், ஆச்சியின் குரல் புதிய வாசல் வழியாகத் தானாகவே கிளம்பிவிடும். சேர வேண்டிய முகவரி மாறவில்லை, அதனால் போய்ச் சேருகிறது. மகளின் குரல் மட்டும் பழைய வாசலுக்கே விநாடிக்கு ஐம்பது தடவை வந்து தட்டிவிட்டு வீணாகிறது. யூடிபியில் 'கிடைத்தது', 'கிடைக்கவில்லை' என்று யாரும் சொல்வதில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஏதோ ஒரு பக்கம் பொறுமை இழந்து அழைப்பைத் துண்டிக்கிறது. ஆச்சி சொன்னதும் வரிக்கு வரி இதுதான்.

நடுவில் இருக்கும் சர்வர் கெட்டிக்காரத்தனமாக இருந்தால், 'எந்த முகவரியிலிருந்து வருகிறதோ அங்கேயே திருப்பி அனுப்புவோம்' என்று பழகிக்கொள்ளும். அப்படிப்பட்ட சர்வர்களில் குரல் தானாகவே மீண்டுவிடுவதும் உண்டு. ஆனால் யாரோ ஒருவன் பொய் பாக்கெட் அனுப்பி அழைப்பையே தன் பக்கம் திருப்பிக்கொள்ள இதுவே வழியாகிவிடும். அதனால் முதலில் பார்த்த முகவரியோடு பூட்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

சைகைத் தடம் டிசிபியில், அதாவது போய்ச் சேர்ந்ததை உறுதி செய்துகொள்ளும் முறையில், ஓடினால் வேறு விதமான தொல்லை. இரண்டு முனைகளின் முகவரி, போர்ட் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் ஒரு டிசிபி இணைப்பின் அடையாளம். ஒன்று மாறினாலும் அது வேறு இணைப்பு. வைஃபை ஒட்டிக்கொண்டே இருந்து அதற்கு அப்பால் பாதை செத்துப்போனால், லினக்ஸ் இயங்குதளத்தின் இயல்பான அமைப்பு 15 முறை திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். அது கைவிடுவதற்குக் கால் மணி நேரம்கூட ஆகும். அது சொல்லட்டும் என்று காத்திருந்தால் பால் பொங்கி, ஆறி, உறையூற்றியும் முடிந்திருக்கும்.

'சாதாரண போன் அழைப்பு மட்டும் பஸ்ஸில் காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற வரைக்கும் அறுவதில்லையே' என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே டவர் மாறுகிறது, முகவரி மாறுவதில்லை. 4ஜி வலைப்பின்னலுக்குள் ஒரு நுழைவாயில் உங்கள் ஐபி முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. டவர்கள் மாற மாற, உள்ளே இருக்கும் குழாயை மட்டும் அது திருப்பி விடுகிறது. கம்பெனியின் வைஃபை அழைப்பு வசதியிலும் போன் மறையாக்கம் செய்த குழாய் ஒன்றைப் போட்டு அதே நுழைவாயிலுக்குப் போய்ச் சேர்கிறது. அதனால் வைஃபையிலிருந்து 4ஜிக்கு மாறினாலும் அதே முகவரியைத் தக்கவைத்துக்கொள்ள முடிகிறது. வலைப்பின்னலே அவர்கள் கையில். தனியார் செயலி ஒன்றுக்கு அந்த வசதி கிடையாது. யாரோ போட்ட ரோட்டில் வாடகை வண்டி ஓட்டுவது மாதிரி. ரோடு மாறுவதை அதுவேதான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

சரி, ஓடிக்கொண்டிருக்கும் செயலி என்ன செய்ய வேண்டும்? சிப் செயலி எழுதுகிறவர்கள் எடுத்துப் பயன்படுத்தும், திறமூலத்தில் பெயர் பெற்ற பிஜேசிப் என்கிற நிரல் நூலகத்தில் 2.7ஆம் பதிப்பிலிருந்து இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது. அதைக் கூப்பிட்டால், செய்தி வருகிறதா என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும் இணைப்பு முனைகளான சாக்கெட்டுகளைப் புதிதாகத் திறக்கும். பழைய சைகை இணைப்பை மூடும். சர்வரிடம் புது முகவரியோடு மறுபதிவு செய்யும். நடந்துகொண்டிருக்கும் அழைப்பைத் துண்டிப்பதா, அதே அழைப்புக்குள் புது விவரத்தாளோடு 'இனி இங்கே அனுப்பு' என்று மறு அழைப்பிதழ் அனுப்பித் தொடர்வதா என்பதை நீங்கள் வைத்த அமைப்பின்படி செய்யும். ஆனால் ஒன்று: முகவரி மாறியதை அந்த நூலகம் தானாகக் கண்டுபிடிக்காது. கண்டுபிடித்துச் சொல்வது செயலியின் பொறுப்பு. இந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டதால் நானே இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

வரிசையும் முக்கியம். சாக்கெட்டைத் திறக்காமல் மறுபதிவு போக முடியாது. பதிவு முடியாமல் மறு அழைப்பிதழ் அனுப்பினால் சில சர்வர்கள் 'நீ யார்?' என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடும். பழைய பதிவை நீக்காமல் விட்டாலும் தொல்லைதான். காலாவதி நேரம் ஒரு மணி நேரம் என்று வைத்திருந்தால், அதுவரை சர்வரின் ஏட்டில் ஆச்சிக்கு இரண்டு முகவரி இருக்கும். அடுத்த அழைப்பு இரண்டுக்கும் போகும், ஒன்றில் ஆளே இருக்காது. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5626 இதற்கு வழி சொன்னது. ஒவ்வொரு கருவிக்கும் மாறாத அடையாளம் ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதே அடையாளத்தோடு வரும் புதுப்பதிவு பழையதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். விலாசத்தைத் தாமதமாகக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொள்வேன்.

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இடம் மாறினால்? ஆச்சி இரண்டாங்கட்டுக்குப் போகிறார், மகள் அங்கே ரயிலேறுகிறாள். இரண்டு போனும் ஒரே சமயத்தில் மறு அழைப்பிதழ் அனுப்பும், இரண்டும் ஒன்றையொன்று '491, முந்தையது நிலுவையில்' என்று திருப்பும். சம்பந்தி வீட்டார் இருவர் வாசலில் நின்று 'நீங்க முதல்ல' என்று சொல்லிக்கொண்டே இருப்பது மாதிரி ஆகிவிடக் கூடாது. அதனால் ஆர்எஃப்சி 3261 கணக்கு ஒன்று வைத்திருக்கிறது. அழைப்பைத் தொடங்கியவர் 2.1 முதல் 4 விநாடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். மற்றவர் 0 முதல் 2 விநாடிக்குள். மோதல் அத்தோடு தீரும்.

உலாவியிலேயே பேச வழி செய்யும் வெப்ஆர்டிசி வகைச் செயலிகள், வழி மாற்றும் இந்த வேலையை ஐஸ் என்ற முறையில் செய்கின்றன. இரு பக்கமும் தமக்குத் தெரிந்த எல்லா முகவரிகளையும் சொல்லும். உள்முகவரி, ஸ்டன் சொன்ன வெளிமுகவரி, நடுவில் நின்று குரலை வாங்கிக் கடத்தும் இடைத்தரகு சர்வர் ஒன்றின் முகவரி. பிறகு ஜோடி ஜோடியாகத் தட்டிப் பார்த்து, திறக்கிற வழியைத் தேர்ந்தெடுக்கும். வாசல் மாறினால் புதுக் கடவுச்சொற்களோடு இந்த வேலையை மறுபடி தொடங்குவார்கள். இதன் அழகு என்னவென்றால், குரலைப் பூட்டும் சாவிகளை மாற்ற வேண்டியதில்லை, வழி மட்டும் மாறுகிறது. புது வழி தயாராகும் வரை பழைய வழியிலேயே பேசிக்கொண்டிருக்கலாம், பழைய வழி உயிரோடு இருந்தால்.

அந்த 'இருந்தால்' என்பதில்தான் உண்மையான கஷ்டம் இருக்கிறது. மேலே சொன்னதெல்லாம் ஆவணத்தைப் படித்தால் வந்துவிடும். வாசல் மாறிவிட்டதா என்று முடிவு செய்வதுதான் அனுபவம் கேட்கிற வேலை.

கரண்ட் போவதை எடுத்துக்கொள்ளுங்கள். ரூட்டர் அணைகிறது, போன் 4ஜிக்குப் போகிறது, அழைப்பு தொடர்கிறது. கரண்ட் வந்ததும் ரூட்டர் கண் விழித்து வைஃபை பெயரை அறிவிக்கிறது, போனும் பாசத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஆனால் வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் கண்ணாடியிழைப் பெட்டி இன்னும் எழுந்திருக்கவில்லை. இணையமே இல்லாத வைஃபை. வைஃபை கிடைத்துவிட்டது என்ற செய்தியை நம்பி அழைப்பை உடனே வைஃபைக்குத் திருப்பும் செயலி, நன்றாக ஓடியதைத் தானே கொல்கிறது. ஆண்ட்ராய்டு இதைச் சரிபார்க்க, தெரிந்த ஒரு முகவரிக்குச் சிறு கோரிக்கை அனுப்பி 204 என்ற பதில் வருகிறதா என்று பார்த்துத்தான் 'இணையம் உண்டு' என்று முத்திரை குத்தும். செயலி அந்த முத்திரைக்குக் காத்திருக்க வேண்டும். வைஃபையை விட்டுப் போவதில் அவசரமும், திரும்பி வருவதில் நிதானமும் காட்டுகிற செயலிதான் என் கணக்கில் நல்ல செயலி. பல செயலிகள் தலைகீழாக நடந்துகொள்கின்றன.

பாக்கெட் வரவில்லை என்பதை வைத்து முடிவு செய்யலாமா? செய்யலாம், ஆனால் பார்த்துச் செய்ய வேண்டும். ஒரு விநாடிக்கு 50 வர வேண்டியது ஒன்றுகூட வரவில்லை என்றால் பாதையில் கோளாறு. ஆனால் ஓபஸ் என்ற குரல் குறியாக்கத்தில் மௌனத்தைச் சிக்கனப்படுத்தும் வழி ஒன்று உண்டு. யாரும் பேசாதபோது 400 மில்லி விநாடிக்கு ஒரு பாக்கெட்தான் வரும். மகள் யோசித்துக்கொண்டு சும்மா இருப்பதைப் பாதை செத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எதிர்த் திசையிலும் ஏமாற்று உண்டு. ஐபி முகவரியின் புதிய வகையான ஐபிவி6இல் போன் தன் தனியுரிமைக்காகத் தற்காலிக முகவரிகளை அவ்வப்போது புதிதாகச் சேர்த்துக்கொள்ளும். முகவரிப் பட்டியல் மாறியது என்ற செய்தி வரும், ஆனால் நடப்பு அழைப்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதற்கெல்லாம் குதித்தால் அழைப்பு நாளெல்லாம் திக்கும். இன்னொன்று, முகவரி மாறாமலே வலைப்பின்னல் மாறுவது. இது எனக்குப் பள்ளத்தூரில்தான் கண்ணெதிரே அகப்பட்டது.

ஆச்சி வீட்டின் பின்பாதி பங்காளியுடையது. அவர்கள் தனி இணைய இணைப்பு, தனி ரூட்டர் வைத்திருக்கிறார்கள். எப்போதோ யாரோ அந்தக் கடவுச்சொல்லையும் ஆச்சியின் போனில் போட்டுவிட்டார்கள். இரண்டு ரூட்டரும் 192.168.1 என்ற வரிசையில்தான் முகவரி கொடுக்கின்றன. சில நாள் இரண்டாங்கட்டில் போன் 4ஜிக்குப் போகாமல் பங்காளியின் வைஃபைக்குத் தாவியிருக்கிறது. அங்கேயும் அதே 192.168.1.5 கிடைத்திருக்கிறது. செயலி பழைய எண்ணையும் புது எண்ணையும் ஒப்பிட்டு, ஒன்றும் மாறவில்லை என்று சும்மா இருந்துவிட்டது. வெளிமுகவரியோ முழுக்க வேறு. உள்முகவரியை மட்டும் ஒப்பிடுகிற செயலிக்கு இது எந்தக் காலத்திலும் பிடிபடாது. எந்த வலைப்பின்னல் என்பதைப் பார்க்க வேண்டும், ஸ்டனிடமும் மறுபடி கேட்க வேண்டும்.

இவ்வளவு ஒட்டுவேலையும் வேண்டாம் என்று அடியிலிருந்தே மாற்றியவர்களும் உண்டு. 2021இல் ஆர்எஃப்சி 9000 என்று வெளியான க்விக் நெறிமுறை, இணைப்பை முகவரியால் அடையாளம் காண்பதில்லை. ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஓர் இணைப்பு அடையாள எண் இருக்கும். வேறு முகவரியிலிருந்து தெரிந்த எண்ணோடு பாக்கெட் வந்தால், மறுமுனை ஒரு சவாலை அனுப்பி 'அங்கே இருப்பது நீதானா' என்று சரிபார்த்துவிட்டுப் பேச்சைத் தொடரும். ரங்கூன் கடைக்காரர் உண்டியலில் விலாசத்தைப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த ஆளையும் ஒருமுறை விசாரித்துக்கொள்வது மாதிரி. இணைய அழைப்புகளின் குரல் இன்னும் பெரும்பாலும் பழைய வழியில்தான் போகிறது, அதனால் ஒட்டுவேலைக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருக்கிறது.

ஆச்சியின் செயலியை நான் திருத்த முடியாது. வீட்டைத் திருத்தலாம். முதலில் பங்காளியின் வைஃபையைப் போனிலிருந்து மறக்கடித்தேன். அப்புறம் முகப்பு ரூட்டரிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, இரண்டாங்கட்டில் இன்னொரு வைஃபை பெட்டி வைத்தோம். முகவரி கொடுக்கும் வேலை அதற்குக் கிடையாது, அதே வலைப்பின்னலின் நீட்சி மட்டும்தான். பெயரும் கடவுச்சொல்லும் அதேதான் கொடுத்திருக்கிறோம். இப்போது போன் பெட்டி மாறினாலும் முகவரி மாறுவதில்லை. சுவரில் துளை போட ஆச்சி ஒப்பவில்லை. முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த பூச்சாம், அவருடைய மாமனார் காலத்து வேலையாம். கேபிள் முற்றத்து ஓட்டின் ஓரமாக, மழைத் தகரத்தை ஒட்டித்தான் போகிறது. மழைக்கு முன்னால் அதற்கு ஒரு பைப் போட வேண்டும்.